ஆன்டிஆக்ஸிடன்ட்னா எவ்வளவு வேணா எடுக்கலாமா? நாம பண்ற தப்புங்க

போன ஞாயித்துக்கெழமை ஊருக்குப் போயிருந்தப்போ பெரியப்பா சட்டைப்பையில பீடிக்கட்டோட ஒரு மாத்திரை அட்டையும் எட்டிப் பாத்துச்சு. என்ன மாத்திரைன்னு கேட்டா, "பீடியைத்தான் விட முடியல, இதாச்சும் நுரையீரலைக் காப்பாத்தட்டும்ப்பா, ஆன்டிஆக்ஸிடன்டாம்"னாரு. ஆன்டிஆக்ஸிடன்ட்னா, உடம்புல உண்டாகி அளவு மீறினா செல்லைக் கெடுக்கிற ஃப்ரீ ராடிக்கல்ங்கிற மூலக்கூறுகளை அடக்குற பொருள். அட்டையைத் திருப்பி பொடி எழுத்தைப் படிச்சா பீட்டா கரோட்டின்னு போட்டிருக்கு, கேரட்டுக்கு ஆரஞ்சு நிறம் தர்ற பொருள் அது. எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு.

ஏன்னா ஃபின்லாந்துல 1985ல ஆரம்பிச்சு 29,133 பேருக்கு, எல்லாரும் 50லேர்ந்து 69 வயசு ஆம்பளைங்க, எல்லாரும் சிகரெட் பிடிக்கிறவங்க, வருஷக்கணக்கா மாத்திரை குடுத்துப் பாத்தாங்க. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவங்களுக்கு நுரையீரல் கேன்சர் கொறையல, 18 சதவீதம் கூடுச்சு. 1994ல ரிசல்ட் வந்துச்சு. அமெரிக்காவுலயும் இதே மாதிரி ஒரு ஆய்வு, அங்க 28 சதவீதம் அதிகம், அதனால 1996ல பாதியிலயே நிறுத்திட்டாங்க. அதனால பீடி சிகரெட் பிடிக்கிறவங்க, விட்டவங்களும்தான், பீட்டா கரோட்டின் மாத்திரை பக்கமே போகாதீங்க. கேரட் சாப்பிடலாம், அது வேற விஷயம், அதுல பயம் இல்ல.

அடுத்த தப்பு, ஃப்ரீ ராடிக்கல்னாலே விஷம், அதை ஒண்ணு விடாம அழிக்கணும்னு நினைக்கிறது. நாம சாப்பிடறதை உடம்பு சக்தியா மாத்தும்போதே அது உண்டாகும், அளவு மீறினா செல்லைக் கெடுக்கும், வாஸ்தவம்தான். ஆனா நம்ம வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்லவே அதைத்தான் பயன்படுத்துது. மிச்சத்தை அடக்க குளுட்டாதயோன்னு ஒண்ணை உடம்பே தயாரிச்சுக்குது.

விட்டமின் ஈ மாத்திரையை முடிக்கும் தோலுக்கும்னு மாசக்கணக்கா தானா வாங்கிப் போடறவங்க நிறைய பேர். தினம் 400 யூனிட் எடுத்த ஆம்பளைங்களுக்கு ப்ராஸ்டேட் கேன்சர் 17 சதவீதம் கூடுனது அமெரிக்காவுல 35,000 பேருக்கு மேல வெச்சுப் பண்ண ஆய்வுல தெரிஞ்சது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறவங்க இதையும் சேத்துப் போட்டா ரத்தக்கசிவு வரலாம். விட்டமின் சி-யும் அப்படித்தான், அளவுக்கு மீறிப் போனா வயித்தால போகும், கிட்னில கல்லு வர வாய்ப்பு கூடும், அதோட சில சுகர் மெஷின்ல ரீடிங்கே தப்பா காட்டும், சுகர் இருக்கிறவங்க இதைக் கட்டாயம் டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஒரு நாளைக்குத் தேவையான சி ஒரு கொய்யாப்பழத்துலயே கெடைச்சுடுது!

கீமோ, ரேடியேஷன் போயிட்டிருக்கிறவங்க டாக்டரைக் கேக்காம எந்த ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையும் தொடவே கூடாது.

எல்லா மாத்திரையும் வேஸ்ட்னு சொல்லல. வயசானவங்களுக்கு வர்ற ஒரு வகை விழித்திரை நோய்க்கு கண் டாக்டரே எழுதித் தர்றது உண்டு, அதுலயும் பீட்டா கரோட்டினுக்கு பதிலா லூட்டின் இருக்கிறதா பாத்து வாங்கணும்.

சமையல்ல நாம பண்றது இன்னொண்ணு. கீரையை நறுக்கிட்டு அப்புறம் தண்ணியில அலசுறோம், வேக வெச்ச தண்ணியையும் கொட்டிடறோம், விட்டமின் சி அதோட போயிடுது. கழுவிட்டு நறுக்குங்க. ஆனா தக்காளி இதுக்கு நேர்மாறு, அதுக்கு சிவப்பு நிறம் தர்ற லைக்கோபீன்ங்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் பச்சையா சாப்பிடறதைவிட எண்ணெயில வதக்கினாத்தான் உடம்புல நல்லா சேரும், அம்மா எண்ணெய் பிரியற வரைக்கும் தொக்கைக் கிண்டுறாங்களே, அந்தப் பதம் சரியான பதம். கேரட்ல இருக்கிற பீட்டா கரோட்டினும் அப்படித்தான், அதனால பொரியலுக்கும் ஒரு ஸ்பூன் எண்ணெய், கொஞ்சம் தேங்காய்ப்பூ வேணும்.

பெரியப்பாகிட்ட இதெல்லாம் சொன்னதும் அட்டையை என் கையில குடுத்துட்டாரு, பீடிக்கட்டு மட்டும் பையிலயே இருந்துச்சு. அதை வாங்கி மேல அச்சடிச்சிருந்த 1800-11-2356ங்கிற நம்பரைக் காட்டினேன், புகையிலையை விடறதுக்கு உதவி பண்ற இலவச நம்பர் அது. இத்தனை வருஷமா கையில வெச்சிருந்தும் அவர் அதைப் படிச்சதே இல்லையாம். இன்னிக்கு சாயங்காலம் நானே போன் போட்டு அவர்கிட்ட குடுக்கப்போறேன்.