நூறு பாதாமிலிருந்து கம்மஞ்சோற்றுக்கு

ஏழு வருஷம் சோற்றைப் பார்த்துப் பயந்தவள் நான். ஜி.எம். டயட்டில் ஆரம்பித்தேன்: ஒரு நாள் முழுக்கப் பழம், மறுநாள் முழுக்கக் காய். அப்புறம் பேலியோ. காலையில் எண்ணி நூறு பாதாம், மதியம் முட்டை, ராத்திரி பன்னீர். கடைசியில் கீட்டோ, மாவுச்சத்தை ஏறக்குறைய அடியோடு நிறுத்துகிற டயட். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி, கல்யாணப் பந்தியில் சோற்று வாளி வரும்போது இலைக்கு மேல் கையை நீட்டி மறித்துக்கொண்டிருந்தேன். எடை குறைந்தது, ஏறியது, மறுபடி குறைந்தது.

கம்பு, சோறு என்று எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக்குத் திரும்பி இரண்டு வருஷம் ஆகிறது. இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு, நான் தடுக்கி விழுந்த இடங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு வேளையை மட்டும் மாற்றுங்கள். நான் ஒரே நாளில் மூன்று வேளையும் கம்பு, கேழ்வரகு என்று இறங்கி, வயிறு உப்பிப் படுத்துவிட்டேன். பல வருஷம் தானியமே பார்க்காத வயிறு, பாவம். காலையில் அரை டம்ளர் கூழில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டினால் போதும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கம்பங்கூழும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். தைராய்டு பிரச்சினை இருந்தாலும் தினமும் கம்பு வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தைராய்டின் வேலையைத் தடுக்கும் சில பொருள்கள் கம்பில் உண்டு.

முதல் பத்து நாளில் எனக்கு இரண்டு கிலோ ஏறியது. பயந்து திரும்பவும் பாதாம் டப்பாவைத் திறந்துவிட்டேன். அவ்வளவும் கொழுப்பு இல்லை என்று பிறகுதான் புரிந்தது. மாவுச்சத்து கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாக உடம்பில் சேரும்போது தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கீட்டோவில் முதல் வாரம் மளமளவென்று இறங்கியதும் பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். ஒரு மாசத்துக்கு எடை பார்க்கும் மெஷினைப் பரணில் போட்டுவிடுங்கள்.

சரி, கம்மஞ்சோற்றுக்கு வருவோம். ஆச்சி உரலில் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் குத்துவாள். நமக்கு மிக்சி போதும். ஒரு டம்ளர் கம்பைக் கல், தூசி போகக் களைந்து, தண்ணீரை நன்றாக வடித்து, அரைமணி நேரம் துணியில் பரப்புங்கள். அள்ளினால் கையில் ஈரம் ஒட்டக் கூடாது. ஆனால் கம்பு முழுக்கக் காய்ந்தும் போகக் கூடாது. மிக்சியை விட்டு விட்டு நாலைந்து சுற்று சுற்றினால் தோல் கழன்றுவிடும். அதை முறத்தில் புடைத்துத் தள்ளிவிட்டு, மறுபடி அரைத்துச் சலியுங்கள். மேலே குருணை, கீழே மாவு. இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

நாலு டம்ளர் தண்ணீர் கொதித்ததும் உப்பையும் குருணையையும் போட்டுச் சிறு தீயில் கிண்டுங்கள். முக்கால் வேக்காடு வந்ததும், மாவை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். இந்த இடத்தில் போன் அடித்தால் எடுக்காதீர்கள், கட்டி தட்டிவிடும். துடுப்பு இல்லையென்றால் கனமான மரக்கரண்டி. விரலைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் வெந்துவிட்டது. மூடிப் பத்து நிமிஷம் புழுங்க விடுங்கள்.

சூட்டோடு குழி பறித்துக் கருவாட்டுக் குழம்போ கீரைக் கடைசலோ ஊற்றிச் சாப்பிடலாம். மீந்ததை உருண்டை பிடித்து மண்சட்டித் தண்ணீரில் போட்டு வையுங்கள். மறுநாள் காலையில் லேசாகப் புளித்திருக்கும். கரைத்து, மோர் விட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டியதுதான். மிதுக்க வத்தல் கிடைத்தால் வேறு வெஞ்சனமே தேவையில்லை.

மாவை மட்டும் மொத்தமாக அரைத்து வைக்காதீர்கள். 100 கிராம் கம்பில் ஏறக்குறைய 5 கிராம் கொழுப்பு. அரைத்துவிட்டால் சீக்கிரம் சிக்கு வாடை வந்து கசந்துவிடும். நான் மூன்று கிலோ அரைத்து, இரண்டாவது வாரமே மாட்டுக்குப் போட்டேன்.

கடைகளில் இப்போது எல்லாமே 'மில்லட்'. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதிலிருந்து இன்னும் அதிகம். பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். அதிகம் சேர்ந்த பொருள்தான் பட்டியலில் முதலில் வரும். அங்கே மைதா இருந்தால் அது மைதா பிஸ்கட்தான்.

இன்னொன்று, கம்பையும் ஒரு டயட்டாக ஆக்கிவிடாதீர்கள். நானே அப்படித்தான் அரிசியை ஒதுக்கி மூன்று மாசம் ஓட்டினேன். ஆச்சி ஆரோக்கியத்துக்காகக் கம்பு தின்னவில்லை. மானாவாரிக் கரிசலில் அதுதான் விளைந்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நெல்லுச்சோறு வடித்தால், முதல் ஆளாக வட்டிலோடு உட்காருவாள். அதனால் எங்கள் வீட்டில் இப்போது மதியம் அரிசிச் சோறுதான். கூடக் கானத் துவையல் (கானம் என்றால் கொள்ளு), ஒரு காய், ரசம். பாதாம் இன்னும் இருக்கிறது, பாயசத்துக்கு.

மகளுக்குக் கூழ் ஆகவே ஆகாது. அவளுக்குக் கம்பு தோசை: கம்பு இரண்டு பங்கு, இட்லி அரிசி ஒரு பங்கு, உளுந்து அரைப் பங்கு, ஒரு ஸ்பூன் வெந்தயம். கம்பை ஆறு மணி நேரமாவது ஊறப் போடுங்கள், இல்லாவிட்டால் நறநறவென்று இருக்கும். தக்காளிச் சட்னி அரைத்தால் நாலு தோசை உள்ளே போகிறது.