ரேஸ் ஏறி நிற்கிற ஆர்எக்ஸ் 100: இன்டேக் ரப்பர் மாற்றும்போது செய்யக்கூடாதவை

சிக்னலில் ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் உங்கள் யமஹா ஆர்எக்ஸ் 100 ரேஸ் ஏறி அப்படியே நின்று, ரெண்டு மூணு விநாடி கழித்துத்தான் இறங்குகிறதா? அப்படியென்றால் கார்புரேட்டரில் கை வைப்பதற்கு முன் அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிற ரெண்டு ரப்பரைப் பாருங்கள். ஒன்று சிலிண்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில், ரீட் வால்வை (கலவையை உள்ளே மட்டும் விடுகிற மெல்லிய தகடு வால்வு) மூடிக்கொண்டு போல்ட்டில் நிற்கிற மேனிஃபோல்டு. இன்னொன்று ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து கார்புரேட்டரின் பின்வாய்க்கு வருகிறது. இந்த வண்டியின் தயாரிப்பு 1996இல் நின்றுவிட்டது, ஆக இதுவரை மாற்றாத ரப்பர் முப்பது வருஷமாக இன்ஜின் சூட்டில் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். போதாததற்கு இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பரை யாரும் இதை நினைத்துச் செய்யவில்லை.

இதில் பெரிய தவறு, ரப்பர் கிழிந்திருக்கும்போது ட்யூனிங் பார்ப்பது. நானும் அதைத்தான் செய்தேன். மாமா ஓட்டிவிட்டுக் கொடுத்த வண்டி, ஐடிலிங் ஏறி ஏறி இறங்கியது, ஐடில் ஸ்க்ரூவைக் குறைத்தேன், காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்கிற ஏர் ஸ்க்ரூவைத் திருகினேன், ஓரளவு சரியானது போலத் தெரிந்தது. அடுத்த ஞாயிறு திண்டிவனம் தாண்டி எழுபதில் போய்க்கொண்டிருக்கும்போது பின்சக்கரம் அப்படியே பிடித்தது. கிளட்சை அழுத்தியதால் விழாமல் தப்பித்தேன். பிரித்துப் பார்த்தால் பிஸ்டனில் சைலன்சர் பக்கம் நகத்தால் கீறினது மாதிரி நாலைந்து கோடு. சிலிண்டரைக் கடைந்து ரீபோர் போட்டு, 0.25 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டேன். எல்லாம் சில நூறு ரூபாய் ரப்பரை மாற்றாததால்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், கார்புரேட்டர் தன் வழியாகப் போகிற காற்றுக்குத்தான் பெட்ரோல் அளந்து கொடுக்கும். அதைத் தாண்டி விரிசல் வழியாக உள்ளே போகிற காற்றுக்குக் கணக்கே கிடையாது. கலவையில் பெட்ரோல் குறைந்து, அதாவது வறண்டுபோய், சூடு ஏறும், பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். 2 ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலும் சேர்ந்தேதான் பிஸ்டனுக்குப் போக வேண்டும், அதனால் மன்னிப்பே கிடையாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனை காபிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டும். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் முதல் சந்தேகம் ஏர் லீக் மேல் வரட்டும்.

சரி, லீக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? ஓடுகிற இன்ஜின் மேல் பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், பிளக் கேப்பில் ஒரு பொறி தெறித்தால் போதும். ஐடிலிங்கில் விட்டு ரப்பரைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்தாலே, விரிசல் இருந்தால் சத்தம் மாறும். ஆனால் அதைவிட நம்பகமானது கழற்றிக் கையில் வைத்து மடக்கிப் பார்ப்பது. வண்டியில் இருக்கும்போது ரப்பர் நன்றாகத்தான் தெரியும், வெளிப்பக்கம் பாலிஷ் கூடப் போட்டிருப்பார்கள். கழற்றி, கிளிப் உட்கார்ந்த பள்ளத்தைக் கட்டைவிரலால் விரியுங்கள். காய்ந்த ஏரித்தரை மாதிரி வெடிப்பு திறந்துகொள்ளும். மேனிஃபோல்டின் தகடும் ரப்பரும் ஒட்டியிருக்கிற இடத்தையும் நகத்தால் நிமிண்டிப் பாருங்கள், அங்கே பிரிந்திருந்தால் வெளியிலிருந்து தெரியவே தெரியாது.

ஒட்டுப் போடாதீர்கள். அனபாண்ட், எம்-சீல், பழைய ட்யூபை வெட்டிச் சுற்றுவது எல்லாம் பார்த்தாயிற்று. சாதாரண சிலிகான் பசை பெட்ரோல் பட்டால் ஊறிக் கொழகொழவென்று ஆகிவிடும், அந்தத் துணுக்கு உள்ளே போய் ரீட் வால்வில் மாட்டினால் அது முழுசாக மூடாது, அப்புறம் ஸ்டார்ட்டிங் தொல்லை தனியாக வரும்.

வாங்கும்போது, பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்று மட்டும் வாங்கக் கூடாது. பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். சென்னையில் என்றால் ஜி.பி. ரோடு, மற்ற ஊர்களில் பழைய யமஹா சாமான் வைத்திருக்கிற கடை. போல்ட் ஓட்டை ஒத்துப்போகிறதா, உள்வாய் விட்டம் ஒன்றா, உள்ளே பிசிறோ படியோ இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். "பழைய ஒரிஜினல் ஸ்டாக்" என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தால் ஆசை வரும்தான், ஆனால் பெட்டிக்குள் இருபது வருஷம் கிடந்த ரப்பரும் இருபது வருஷ ரப்பர்தான். மடக்கிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கழற்றும்போது திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்புவது இன்னொரு தவறு. அலுமினிய முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் புது ரப்பரும் ஏர் இழுக்கும். பழைய பேக்கிங் ஒட்டியிருந்தால் பொறுமையாகச் சுரண்டுங்கள், அதற்கு முன் ஓட்டைக்குள் சுத்தமான துணியை அடைத்துக்கொள்ளுங்கள், துணியின் நுனி வெளியே தொங்கட்டும், இல்லையென்றால் மறந்து உள்ளேயே வைத்து மூடிவிடுவோம். பேக்கிங்கைப் புதிதாகவே போடுங்கள்.

புது ரப்பர் விறைப்பாக இருந்தால் கிரீஸோ ஆயிலோ தடவித் திணிக்க வேண்டாம், சில ரப்பர் அதில் ஊதிவிடும். சுடுதண்ணீரில் ஐந்து நிமிஷம் போட்டு, நன்றாகத் துடைத்து, வாயில் துளி சோப்புத் தண்ணீர் தடவினால் கார்புரேட்டர் தானாக வழுக்கிக்கொண்டு உட்காரும். நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பின்னால் நின்று பாருங்கள். சாய்ந்திருந்தால் உள்ளே பெட்ரோல் மட்டத்தைப் பிடித்து வைக்கிற ஃப்ளோட்டின் அளவு மாறிப் பெட்ரோல் ஒழுகும்.

போல்ட்டுகளை ஒரே பக்கமாக இறுக்காமல் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஸ்பானரின் நுனியைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை, மரை போனால் சிலிண்டரையே லேத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கிளிப்பும் அப்படித்தான், ரப்பர் பிதுங்கும்வரை முறுக்கினால் அந்த இடத்திலேயே அடுத்த வெடிப்பு ஆரம்பிக்கும். கார்புரேட்டர் உள்ள பழைய ஸ்ப்ளெண்டர், சிடி 100 வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே இன்ஜின் பக்கம் ரப்பர் என்பது ஒரு ஓ-ரிங் மட்டும்தான், அதிகம் முறுக்கினால் கார்புரேட்டரில் போல்ட் போடுகிற காது வில் மாதிரி வளைந்து எத்தனை ஓ-ரிங் மாற்றினாலும் நிற்காது.

பின்பக்க ரப்பரை விட்டுவிடாதீர்கள். அது கிழிந்தால் ஃபில்டரைத் தாண்டி ரோட்டுப் புழுதி நேராக கிராங்க் பேரிங்குக்குப் போகும். ஏர் ஃபில்டர் பெட்டியையே கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டுவதும் எனக்குச் சம்மதமில்லை, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டை மாற்றாமல் அப்படிச் செய்தால் கலவை மறுபடி வறளும்.

எல்லாம் மாட்டியதும் பழைய செட்டிங்கிலேயே ஓட்டக் கூடாது, அது ஓட்டை ரப்பருக்காக வைத்தது. ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து, இன்ஜின் சூடான பிறகு அங்கிருந்து பாருங்கள். இத்தனைக்கும் பிறகும் ரேஸ் ஏறி நின்றால் மேக்னெட் பக்க கிராங்க் ஆயில் சீலைப் பார்க்கச் சொல்லுங்கள், ஏர் அங்கேயும் இழுக்கும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் கிளிப்பை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள்.