குமரிப் புழுக்கத்துக்கு என்ன குடிக்கலாம்?

வெளியூர்க்காரர்கள் நம்ம குமரி மாவட்டத்துக்கு வந்தால், "இங்கே வெயிலே தெரியலையே" என்பார்கள். உண்மைதான், மதுரை வெயில் இங்கே கிடையாது. ஆனால் பங்குனி, சித்திரையில் பத்து நிமிடம் மண்வெட்டி பிடித்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கடல் பக்கத்தில் இருப்பதால் காற்றில் ஈரம் அதிகம். வேர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். இங்கே அது உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். உடம்பு விடாமல் வேர்க்கும், தண்ணீரோடு உப்பும் சேர்ந்து போகும். அதனால் நம்ம ஊர்த் தாகத்துக்குக் குளிர்ச்சியும் இனிப்பும் மட்டும் போதாது. உப்பும் உள்ளே போகணும்.

கருங்கல் பக்கம் சின்னதாக ஒரு கடை வைத்து போஞ்சியும் (எலுமிச்சைச் சாறு) சம்பாரமும் (இஞ்சி, மிளகாய் போட்ட மோர்) கொடுக்கிறேன். கொத்தனார்கள், அவர்களோடு நிற்கும் கையாட்கள், ரப்பர் பால் வெட்டிவிட்டு வருகிறவர்கள் என்று வெயிலில் நிற்கிற சனம்தான் அதிகம் வரும். கலர் பாட்டில் ஒன்றைக் குடித்துவிட்டுப் போனவர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து வெறும் வெள்ளம், அதாவது தண்ணீர், கேட்பார். உப்புப் போட்ட போஞ்சி குடித்தவர் அப்படி வருவதில்லை.

போஞ்சியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தோல் மெல்லிசாக, மஞ்சள் ஏறின எலுமிச்சையை எடுங்கள். பலகையில் வைத்து உள்ளங்கையால் நன்றாக உருட்டிவிட்டு நறுக்கினால் சாறு தாராளமாக வரும். பிழியும்போது கடைசிச் சொட்டு வரைக்கும் முறுக்காதீர்கள். தோலும் விதையும் நசுங்கினால் கசப்பு இறங்கிவிடும், பிறகு எவ்வளவு சீனி போட்டாலும் அது மறையாது. ஒரு கிளாசுக்கு அரைப் பழம், இரண்டு சிட்டிகை உப்பு, இரண்டு டீஸ்பூன் சீனி. வேலைக்காரருக்கு சீனியைப் பாதியாகக் குறைப்பேன். சோடா சேர்ப்பதாக இருந்தால், உப்பையும் சீனியையும் முதலில் எலுமிச்சைச் சாறும் ஒரு வாய்த் தண்ணீரும் விட்டு முழுசாகக் கரைத்துவிடுங்கள். சோடாவின் மேல் உப்பைத் தூவினால் உப்புக்கல் ஒவ்வொன்றிலும் வாயு பொங்கி, நுரை கிளாசை விட்டு வழிந்துவிடும். மிச்சம் இருப்பது சப்பென்று இருக்கும். கரைத்த பிறகு கிளாசைச் சாய்த்துப் பிடித்து, ஓரமாகச் சோடாவை இறக்குங்கள். ஒரு தடவை கிண்டினால் போதும்.

மதியச் சோற்றுக்குப் பிறகு சம்பாரம். முந்தின நாள் உறை ஊற்றிய, கொஞ்சம் புளித்த தயிர் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு. கடைந்து, மேலே திரளும் வெண்ணெயை எடுத்துவிடுங்கள். விரல்கணு அளவு இஞ்சி, இரண்டு காந்தாரி மிளகாய், நாலு உள்ளி (சின்ன வெங்காயம்), ஒரு கொத்து கறிவேப்பிலை, கிடைத்தால் ஒரு நாரத்தை இலை. இதையெல்லாம் கல்லுப்போடு அம்மியில் வைத்துச் சதைக்கணும். அரைக்கக் கூடாது. மிக்ஸியில் போட்டால் கறிவேப்பிலை பச்சைத் துகளாக மிதக்கும், காந்தாரியின் எரிவு மட்டும் நாக்கில் நிற்கும். சதைத்ததை மோரில் போட்டு, கையால் நன்றாகப் பிசைந்து, கால் மணி நேரம் மூடி வையுங்கள். அப்புறம் வடிகட்டிக் குடித்தால் நாரத்தை மணம் மூக்கில் ஏறும். மண்பானையில் வைத்தால் ஐஸ் தேவையே இல்லை.

கஞ்சித்தண்ணியை இப்போது பல வீட்டில் வடித்துக் கீழே கொட்டுகிறார்கள். எனக்கு மனசு பொறுக்கவில்லை. சம்பா அரிசி வடித்த தண்ணீர் இளஞ்சூடாக இருக்கும்போதே உப்புப் போட்டு, இரண்டு உள்ளியைக் கடித்துக்கொண்டு குடித்துப் பாருங்கள். மாவுச்சத்து, உப்பு, தண்ணீர் மூன்றும் ஒரே கிண்ணத்தில் வந்துவிடுகின்றன. வேலைக்குப் போகிற காலையில் பழங்கஞ்சியும் அப்படித்தான்: ராத்திரி தண்ணீர் விட்ட சோற்றைப் பிசைந்து, தயிரும் உப்பும் சேர்த்தால் பகல் வரைக்கும் தாங்கும்.

அக்கானி, அதாவது பதநீர், சீசனில் மட்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் பனையில் கட்டுவார்கள். சுண்ணாம்பு இருப்பதால்தான் அது புளித்துக் கள்ளாகாமல் நிற்கிறது. இறக்கின உடனே, வெயில் ஏறும் முன்னே குடித்துவிடணும். வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். புளிப்பு வாடையோ நுரையோ இருந்தால் வேண்டாம். சுண்ணாம்பு அடியில் தெளியும் வரை கொஞ்ச நேரம் விட்டு, மேலாக ஊற்றி, துணியில் வடித்து, ஓலைப் பட்டையில் நுங்கைச் சீவிப் போட்டுக் குடிக்கிற ருசிக்கு ஈடு எதுவும் இல்லை. ஒன்று மட்டும் கவனம்: பழந்தின்னி வௌவால் கலயத்தில் வாய் வைக்கும். வங்காளதேசத்தில் ஈச்சம்பதநீர் வழியாகவே, வௌவாலிடமிருந்து தொற்றும் நிபா என்ற உயிர்க்கொல்லிக் காய்ச்சல் பரவியிருக்கிறது; 2018-இல் கோழிக்கோட்டில் நிபா வந்ததும் நமக்குத் தெரியும். மூடிக் கட்டின கலயமா என்று பனையேறியிடம் கேளுங்கள். பக்கத்தில் எங்காவது நிபா பேச்சு அடிபட்டால் பச்சையாகக் குடிக்காமல், சுக்குத் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அக்கானி ஆகாது, அதில் இனிப்பு ரொம்ப அதிகம்.

கருக்கு, அதாவது இளநீர், வெட்டிக் குடிப்பதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈத்தாமொழி நெட்டைத் தென்னை விளையும் மாவட்டம் இது. ஆனால் இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. நன்றாக வேர்த்த பிறகு குடித்தால் கூடவே உப்புப் போட்ட மாங்காய்த் துண்டோ, ஊறுகாய் தொட்ட கஞ்சியோ சாப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் குடிக்க வேண்டாம். அதே மாதிரி பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நான் மேலே சொன்ன உப்பைத் தங்கள் டாக்டர் சொன்ன அளவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

நன்னாரி சர்பத் வீட்டிலேயே காய்ச்சலாம். ஐம்பது கிராம் வேரை மண் போகக் கழுவி, கல்லால் தட்டி, நடுவில் இருக்கும் கட்டைக் குச்சியை உருவி எறியுங்கள். மணம் முழுக்கத் தோலில்தான் இருக்கிறது. தோலை ஒரு லிட்டர் கொதிநீரில் போட்டு மூடி, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் வடிகட்டி, ஒரு கிலோ சீனி சேர்த்துப் பிசுக்குப் பதம் வரக் காய்ச்சினால் போதும். நிறம் வெளிர் பழுப்பாகத்தான் வரும். ரத்தச் சிவப்பில் கடையில் இருப்பது சாயம். இது விருந்தாளிக்கும் பிள்ளைகளுக்கும் நல்லது, மண் வெட்டுகிறவருக்கு இது மட்டும் போதாது.

வீட்டில் எப்போதும் குடிக்க சீரக வெள்ளம். கொதிக்க வைத்த தண்ணீர் என்பதுதான் அதில் பெரிய விஷயம், சீரகம் மணத்துக்கு.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்துவிட்டால் இவை எதையும் நம்பி உட்காராதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். (உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி) பாக்கெட் வாங்கி, உறையில் போட்டிருக்கிற அளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ராத்திரியில் பாக்கெட் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூனைத் தலைதட்டி அளக்கணும். உப்பு கூடினால் பிள்ளைகளுக்கு ஆபத்து. கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். வெயிலில் நின்றவர் பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-க்குப் போன் போடுங்கள்.