அணுவும் பீரியாடிக் டேபிளும்: நம்ம பிள்ளைங்க திரும்பத் திரும்ப விடுற தப்புகள்

களியக்காவிளைக்குப் பக்கத்துல டியூசன் எடுக்கேன். பாதிப் பிள்ளைங்க தமிழ்நாட்டு சிலபஸ், மீதி பாறசாலை பக்கத்துலயிருந்து வாற கேரளா சிலபஸ். ரெண்டு கூட்டத்தையும் ஒண்ணா உக்கார வச்சு அணு அமைப்பு நடத்தும்போ முதல்ல இடிக்கிறது சயின்ஸே இல்ல, வார்த்தைதான். மலையாளத்துல மூலகம்னா நம்ம தனிமம். தமிழ்ல மூலக்கூறுன்னா அணுக்கள் சேந்து நிக்கிறது, அதை அவங்க தன்மாத்ரன்னு சொல்லுவாங்க. ஒருத்தன் மூலகம்னு சொல்ல பக்கத்துல இருக்கவன் மூலக்கூறுன்னு எழுதிக்கிட்டான்னா, ஆக்சிஜனுக்கு 16 போடணுமா 32 போடணுமான்னு கணக்கே மாறிப்போகும். ஒத்தை ஆக்சிஜன் அணுன்னா 16, நாம மூச்சு விடுற ஆக்சிஜன் ரெண்டு அணு சேந்த மூலக்கூறு, அது 32. எந்த மீடியமா இருந்தாலும் சரி, நோட்டுல முதல் பக்கத்துலயே இந்த ரெண்டு வார்த்தையையும் எதிரெதிரா எழுதி வச்சிருங்க.

இதே மாதிரி இன்னொண்ணு ஈயம். வீட்டுல ஈயச்சொம்புன்னும், பாத்திரத்துக்கு ஈயம் பூசுறதுன்னும் சொல்றது வெள்ளீயம், அதாவது டின், அடாமிக் நம்பர் (புரோட்டான் எண்ணிக்கை) 50. புக்குல ஈயம்னு போட்டிருந்தா பெரும்பாலும் அது காரீயம், லெட், 82. ரெண்டும் ஒரே 14-வது குரூப்புல மேலயும் கீழயுமா இருக்கு, ஆனா லெட் விஷம். பரீட்சைக்கு மட்டும் இல்ல, அடுப்படிக்கும் இந்த வித்தியாசம் தெரிஞ்சிருக்கணும்.

இனி நம்பர் விஷயத்துக்கு வாறேன், ஏன்னா மார்க் போறது அதிகமும் இங்கதான். குளோரின்ல நியூட்ரான் எத்தனைன்னு கேட்டா டேபிளைப் பாத்து 35.5-லயிருந்து 17-ஐக் கழிச்சு 18.5-னு எழுதுற பிள்ளைங்கள வருஷா வருஷம் பாக்கேன். அரை நியூட்ரான்னு ஒண்ணு எங்கயும் கிடையாது. டேபிள்ல போட்டிருக்கது மாஸ் நம்பர் இல்ல, அது சராசரி அணு நிறை. இயற்கையில கிடைக்கிற குளோரின்ல நூத்துக்கு சுமார் 76 அணு 35 மாஸ் நம்பர் உள்ளது, மீதி 24 அணு 37 உள்ளது, அதைச் சேத்து சராசரி பாத்தாத்தான் 35.5 பக்கம் வரும். ஒண்ணுல நியூட்ரான் 18, இன்னொண்ணுல 20, 18.5 உள்ள அணு ஒண்ணுகூட இல்ல. மாஸ் நம்பர்ங்கிறது புரோட்டானையும் நியூட்ரானையும் எண்ணிக் கூட்டுனது, எண்ணுனதுல புள்ளி வராது, அதனால எந்த ஐசோடோப்புன்னு (அதே தனிமத்துல நியூட்ரான் எண்ணிக்கை வேறயா உள்ள அணு) கேள்வியிலயே சொல்லியிருக்கான்னு மொதல்ல பாருங்க.

எந்தக் கணக்கா இருந்தாலும் நான் பிள்ளைங்ககிட்ட மொதல்ல கேக்குறது ஒண்ணுதான், புரோட்டான் எத்தனை? அது அந்தத் தனிமத்துக்க டோர் நம்பர் மாதிரி. நியூட்ரான் கூடலாம் குறையலாம், எலக்ட்ரான் வரலாம் போகலாம், டோர் நம்பர் மாறுனா வீடே வேற. இதை விட்டுட்டாத்தான் சோடியம் அயனிக்கு பிளஸ் போட்டிருக்கேன்னு எலக்ட்ரான் 12-னு எழுதுறது நடக்கும். பிளஸ்னா எலக்ட்ரான் ஒண்ணு போயிருக்குன்னு அர்த்தம், புரோட்டான் 11, எலக்ட்ரான் 10. உடனே இன்னொருத்தன், அப்போ 10 எலக்ட்ரான் உள்ள நியானா மாறிடுச்சான்னு கேப்பான். மாறல, புரோட்டான் 11 இருக்க வரைக்கும் அது சோடியம்தான்.

புக்குல இருக்க படத்தையும் அப்படியே நம்பிராதீங்க. சூரியனைச் சுத்துற கிரகம் மாதிரி எலக்ட்ரான் வட்டத்துல ஓடுறதா 1913-ல நீல்ஸ் போர்ங்கிற விஞ்ஞானி சொன்ன மாடலை வச்சு வரையிறோம், கணக்குக்கு வசதியா இருக்கு, ஆனா உண்மையில எலக்ட்ரானுக்கு அப்படி ஒரு வட்டத் தடம், அதாவது ஆர்பிட், கிடையாது, இன்ன இடத்துல இருக்க வாய்ப்பு இவ்வளவுன்னுதான் சொல்ல முடியும், அந்த இடத்துக்குத்தான் ஆர்பிட்டால்னு பேரு. ஆர்பிட்டும் ஆர்பிட்டாலும் ஒண்ணுன்னு பிளஸ் ஒன்ல எழுதுனா தப்பு. அளவும் படத்துல பொய்தான். அணு நடுவுல இருக்க நியூக்ளியஸை 4 மில்லிமீட்டர் நல்லமிளகு மாதிரி நெனச்சீங்கன்னா அணு சுமார் 400 மீட்டர் அகலம் வரும், மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு இந்த முனையிலயிருந்து அந்த முனை வரைக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பாலத்து நடுவுல ஒரே ஒரு மிளகு, எடை எல்லாம் ஏறக்குறைய அதுக்குள்ள.

ஷெல் (எலக்ட்ரான் அடுக்கு) நிரப்புறதுல பொட்டாசியத்துக்கு 2, 8, 9-னு போடுறவங்க இருக்காங்க, மூணாவது ஷெல் 8-க்கு மேல கொள்ளாதுன்னு அடிச்சுச் சொல்றவங்களும் இருக்காங்க. ரெண்டுமே சரியில்ல. மூணாவது ஷெல் 18 கொள்ளும், ஆனா 8 ஆனதும் அடுத்த எலக்ட்ரான் நாலாவது ஷெல்லுல உள்ள 4எஸ் ஆர்பிட்டால்ல போய் உக்காரும், அதான் பொட்டாசியம் 2, 8, 8, 1. அயனி ஆகும்போ இன்னொரு குழி இருக்கு: இரும்பு எலக்ட்ரானை விடும்போ கடைசியா நிரப்புன மூணாவது ஷெல் 3டி-யிலயிருந்து போகாது, வெளியில இருக்க 4எஸ்லயிருந்துதான் முதல்ல போகும்.

இடமிருந்து வலமா போகப் போக எலக்ட்ரான் கூடுது, அதனால அணுவும் பெருசாகும்னு நெனைக்கிறதும் தப்புதான். சோடியம் ஆரம் 186 பிக்கோமீட்டர், அதே வரிசையில குளோரின் 99 தான். ஷெல் அதேதான், புரோட்டான் கூடக் கூட உள்ள இழுக்குற இழுப்பு கூடுது. குறியீடு எழுதும்போ ரெண்டாவது எழுத்து சின்னதா இருக்கணும், ரெண்டையும் பெருசா போட்டா கோபால்ட் (Co) கார்பன் மோனாக்சைடு (CO) ஆயிரும்.

மெண்டலீவ் 1869-ல போட்ட அட்டவணை நிறையை வச்சு அடுக்குனது, இப்ப உள்ளது அடாமிக் நம்பரை வச்சு. அந்த நம்பருக்கு அர்த்தம் இருக்குன்னு 1913-ல எக்ஸ்ரே வச்சுக் காட்டுனவர் மோஸ்லி, ரெண்டு வருஷத்துல 27 வயசுல முதல் உலகப் போர்ல செத்துப்போனார், எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் மனசு கனக்கும். நிறைப்படிதான் வரிசைன்னு இன்னும் எழுதுறவங்க தோரியத்தையும் புரோட்டாக்டினியத்தையும் பாருங்க: 90-வது தோரியம் 232, 91-வது புரோட்டாக்டினியம் 231.

தோரியம்னு வந்ததும் எனக்கு விட மனசு வராது. டேபிளுக்குக் கீழ தனியா கிடக்க ரெண்டு வரிசையையும் பரீட்சைக்கு வராதுன்னு தள்ளுறாங்க, சிலர் அது டேபிளுக்கு வெளியன்னே நெனைக்காங்க. இல்ல, அது 6-வது, 7-வது பீரியடுக்குள்ள (டேபிள்ல குறுக்கா ஓடுற வரிசை) வரவேண்டியது, பேப்பர் அகலம் போதாததால கீழ வச்சிருக்கு. அந்த வரிசை நம்ம மணவாளக்குறிச்சி கடல்மண்ணுல கிடக்கு மக்களே. 1909-ல ஷாம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரர் மோனசைட்ங்கிற கனிமம் மண்ணுல இருக்கதைக் கண்டுபிடிச்சது அங்கதான், அதுல சீரியம், லாந்தனம், நியோடிமியம், கூடவே தோரியம். அந்தக் காலத்துல கேஸ் விளக்கு மேன்டில் சுமார் நூத்துக்கு 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. சீரியம், லாந்தனம் வகைக்கு ரேர் எர்த்னு (அரிய மண்) பேரு இருக்கதால எல்லாமே அபூர்வம்னு எழுதாதீங்க, சீரியம் பூமி ஓட்டுல ஏறக்குறைய செம்பு அளவுக்கு இருக்கு.

இங்க இன்னொரு தப்பும் வரும். தோரியம் மாதிரி கதிரியக்கத் தனிமங்களோட கணக்குல வர்ற பீட்டா சிதைவுல வெளிய வர்ற எலக்ட்ரான் ஷெல்லுலயிருந்து வருதுன்னு எழுதுறாங்க. இல்ல, நியூக்ளியஸுக்குள்ள ஒரு நியூட்ரான் புரோட்டானா மாறும்போ அங்கயே பிறந்து வெளிய வருது. தோரியம் 232 ஒரு நியூட்ரானை வாங்குனா 233 ஆகும், டோர் நம்பர் இன்னும் 90 தான், அதனால தோரியம்தான். ஒரு பீட்டா போனா 91, புரோட்டாக்டினியம். இன்னொரு பீட்டா போனா 92, யுரேனியம் 233. கல்பாக்கத்துல 1996-லயிருந்து காமினிங்கிற அணு ரியாக்டருக்கு எரிபொருளா போறது இந்த யுரேனியம் 233 தான்.