மரப்பொந்தில் தேனீ வந்தால்

எங்கள் கிணற்றடி அயனி மரத்தில் தோள் உயரத்தில் ஒரு பொந்து. மூன்று விரல் நுழையும். என்னைப் போல் மார்த்தாண்டம் பக்கம் தேனீப் பெட்டி வைத்திருக்கிற ஆளுக்குப் பொந்தில் கூட்டத்தைப் பார்த்தாலே கை துறுதுறுக்கும், பிடித்துப் பெட்டியில் விட்டால் என்ன என்று. இப்போது நான் தொடுவதில்லை. 1991, 92இல் தாய்லாந்து சாக்புரூட் என்ற தேனீ நோய் வைரஸ் பரவியபோது தேனீப் புழுக்கள் அடையின் அறைக்குள்ளேயே நீர்ப்பையாக உப்பிச் செத்தன. அப்பாவின் பெட்டிகள் ஒன்று விடாமல் காலி. பின்னால் எங்களுக்குக் கிடைத்த முதல் கூட்டம் இந்தப் பொந்திலிருந்து பிரிந்து வந்ததுதான்.

உங்கள் இடத்தில் தேனீ வந்தால் முதலில் எந்த இனம் என்று பாருங்கள். திறந்தவெளியில், முறம்போல் ஒரே பெரிய அடை தொங்கினால் மலைத்தேனீ. புதரில், குச்சியைச் சுற்றி உள்ளங்கை அளவு அடை என்றால் கொம்புத்தேனீ. சுவர் இடுக்கில் பிசின் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் கொசுத்தேனீ, அது கொட்டவே கொட்டாது. பொந்துக்குள் அடுக்கடுக்காக அடை கட்டுவது அடுக்குத்தேனீ. நாங்கள் பெட்டியில் வளர்ப்பதும் இதையே.

மலைத்தேனீ தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கட்டியிருந்தால், பள்ளிக்கூட வாசல் மாதிரி இடமாக இல்லாதவரை விட்டுவிடுங்கள். பருவம் மாறினால் தானே கிளம்பிவிடும். இரவில் அருகே விளக்குப் போடாதீர்கள், டார்ச்சும் அடிக்காதீர்கள். வெளிச்சத்தைத் தேடித்தான் வரும். தீப்பந்தம் காட்டித் தேன் எடுப்பவரை உள்ளே விடவே வேண்டாம். தேன் இருப்பது அடையின் மேல்பகுதியில் மட்டும். விவரம் தெரிந்தவர் அதை மட்டும் அறுத்துக்கொண்டு புழு இருக்கும் பகுதியை விட்டுவிடுவார்.

கிளையில் பலாக்காய் மாதிரி தேனீக் கொத்து தொங்கினால் பயப்பட வேண்டாம். அது வீடு தேடிக் கிளம்பிய கூட்டம். வயிறு நிறையத் தேன், காக்க வீடு இல்லை, அதனால் பெரும்பாலும் கொட்டாது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ போய்விடும். தண்ணீர் பீய்ச்சி அடிக்காமல் இருந்தால் சரி.

பொந்தில் கூட்டம் உயிரோடு இருக்கிறதா என்று அறிய, காலை எட்டு மணி வாக்கில் வாசலுக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று, உள்ளே போகும் தேனீயின் பின்னங்காலைப் பாருங்கள். மஞ்சளாக மகரந்த உருண்டை ஒட்டியிருந்தால் உள்ளே ராணி முட்டையிடுகிறாள் என்று நம்பலாம். காவல் இல்லாமல் எறும்பு போய் வந்தால் வீடு காலி. அப்போதும் பொந்தை அடைக்காதீர்கள். பழைய அடையை மெழுகுப்பூச்சி தின்று இடத்தைச் சுத்தம் செய்துவிடும், அப்புறம் இன்னொரு கூட்டம் குடிவரும். யாரோ சொன்னார்கள் என்று மாமரப் பொந்து ஒன்றில் நானே சிமென்ட் பூசியிருக்கிறேன். அந்த மரத்துக்கு அதன்பிறகு ஒரு கூட்டமும் வரவில்லை.

தோட்டத்தில் மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால் தேனீ அடங்கிய பின், சாயங்காலம் அடியுங்கள். ரப்பர் துளிர்க்கும் மாசி, பங்குனியில் இலைக்காம்பில் தேன் சுரக்கும், தீனிக்குப் பஞ்சமில்லை. மழைக்காலத்தில் தீனி இருக்காது, அப்போது எந்தக் கூட்டிலும் கை வைக்கக் கூடாது. கொட்டினால் கொடுக்கை நகத்தால் சுரண்டி எறிந்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கொட்டிய இடத்தில் வாழைப்பழ வாசனை வரும், அதை மோந்து மற்றவையும் பாயும். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ நேராக ஆஸ்பத்திரிதான்.

பொந்து இல்லாத வீட்டில் பழைய மண்பானைக்குள் தேன்மெழுகு தடவி, விரல் நுழையும் துளையிட்டு, வாயை மூடி நிழலில் கட்டலாம். நான் கட்டியதை முதல்நாள் இரண்டு தேனீ வந்து எட்டிப் பார்த்தன, மறுநாள் இருபது. மூன்றாம் நாள் கூட்டமே வந்து இறங்கியது, பானையில் இல்லை, பக்கத்து வீட்டு மின்சார மீட்டர் பெட்டியில்!

அங்கே விட்டுவைக்க முடியாது. இப்படி எடுத்தே ஆகவேண்டிய இடத்தில் சாயங்காலமாகப் போங்கள், அனுபவமுள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு. லேசாகப் புகை காட்டி, புழு அடையை அறுத்து, பெட்டிச் சட்டத்தில் வாழைநாரால் கட்டவேண்டும். அடையின் மேல்பக்கம் மேலேயே இருக்கட்டும். அறைகள் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும், தலைகீழானால் தேன் ஒழுகும். ராணி பெட்டிக்குள் போய்விட்டாளா என்று வாசல் காட்டிக்கொடுக்கும். சில தேனீக்கள் அங்கே வரிசையாக நின்று வாலைத் தூக்கிச் சிறகடிக்கும், மற்றவை அந்த மணத்துக்கு நடந்தே உள்ளே போகும். இருட்டிய பின் வாசலை மூடித் தூக்கி வாருங்கள். பெட்டிக்காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்க மறக்காதீர்கள். எறும்பு ஏறிய இரவே கூட்டம் கிளம்பிப் போனது எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது.