மூக்குக்கண்ணாடியோடு பைக் ஓட்டுவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

கண்ணாடி அணிந்தவர்கள் பைக் ஓட்டப் பழகும்போது கேட்பதெல்லாம் லென்ஸைப் பற்றித்தான். எந்தப் பூச்சு நல்லது, கறுப்பா பழுப்பா, பேசாமல் கான்டாக்ட் லென்ஸுக்கு மாறிவிடலாமா? ஹெல்மெட் மாட்டிய அரைமணி நேரத்தில் உயிரை எடுப்பதோ லென்ஸ் அல்ல, காதுக்கு மேலே போகும் தண்டு. கண்ணாடிக் கடையில் ஒன்று, ஹெல்மெட் கடையில் ஒன்று என்று தனித்தனியாக வாங்கிவிட்டு, இரண்டும் ஒரே தலையில் சண்டை போடுவதைப் பார்த்துத் திகைக்கிறோம். இரண்டையும் ஜோடியாகப் பொருத்திப் பார்த்து வாங்கினால் பாதித் தொல்லை தொடங்கும் முன்பே தீர்ந்துவிடும். ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை மீதிப் பாதி.

படி 1: பார்வையைச் சோதியுங்கள்

பிரிட்டனில் வண்டி ஓட்டுகிறவர் 20 மீட்டர் தொலைவில் நிற்கும் வாகனத்தின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிய வேண்டும் என்பது விதி. எந்த ஊரில் இருந்தாலும் நாமே செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை இது. ஆனால் வெறும் கண்ணாடியோடு நின்று படிக்காதீர்கள். ஹெல்மெட்டை மாட்டி, வைசரை (முகத்துக்கு முன்னால் இருக்கும் ஒளி ஊடுருவும் திரையை) இறக்கி, ஓட்டும்போது எப்படி இருப்பீர்களோ அப்படியே நின்று படியுங்கள். பகலில் ஒரு முறை, பொழுது சாயும்போது ஒரு முறை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்குள் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறது; ஆக, 20 மீட்டர் என்பது மிகக் குறைந்தபட்ச அளவு. அதிலேயே தடுமாறினால் பழைய பவரோடு காலம் தள்ளுகிறீர்கள் என்று பொருள். முதல் வேலையாகக் கண் பரிசோதனைக்குப் போங்கள்.

உங்கள் ஓட்டுநர் உரிமத்தில் பார்வை தொடர்பான குறிப்பு இருக்கிறதா என்றும் ஒரு முறை பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்து உரிமங்களில் 01.01 என்றால் மூக்குக்கண்ணாடி, 01.02 என்றால் கான்டாக்ட் லென்ஸ். அப்படி ஒரு குறிப்பு இருந்தால், அது இல்லாமல் ஓட்டுவது விதிமீறல்.

படி 2: ஹெல்மெட்டுக்கு ஏற்ற பிரேம்

மெல்லிய, நேரான, லேசாக வளைந்துகொடுக்கும் தண்டு. இதுதான் முதல் தகுதி. அகலமான பிளாஸ்டிக் தண்டு கொண்ட பிரேம் முகத்துக்கு எடுப்பாக இருக்கலாம். ஹெல்மெட்டின் பஞ்சு அதை மண்டையோடு சேர்த்து அழுத்தும். முதல் பத்து நிமிடம் எதுவும் தெரியாது. பிறகு காதுக்குச் சற்று மேலே, எலும்பு துருத்தும் இடத்தில், ஒரே புள்ளியில் வலி கிளம்பும். அரைமணி நேரத்தில் அது தலைவலியாகிவிடும். வலியோடு ஓட்டுகிறவரின் கவனம் சாலையில் நிற்காது.

தண்டின் நுனி காதைச் சுற்றிக் கொக்கிபோல் வளைந்திருக்கும் பிரேம்களும் வேண்டாம். ஹெல்மெட் போட்ட பிறகு அதை உள்ளே செலுத்த முடியாது. செலுத்தினாலும் காது மடங்கிக்கொள்ளும். கண்ணாடி வழுக்கி இறங்கினால் தண்டுக்கு ரப்பர் உறை மாட்டாதீர்கள், தண்டு தடித்துவிடும். மூக்குத் தாங்கிகளைச் சரிசெய்து தரும்படி கண்ணாடிக் கடையில் கேளுங்கள். கையுறை போட்ட விரலை வைசருக்குள் நுழைத்து, ஓடும் வண்டியில் கண்ணாடியை மேலே தள்ளுவது எவ்வளவு வம்பான வேலை என்பது ஒரு முறை செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

லென்ஸ் உயரமும் முக்கியம். முன்னால் குனிந்து ஓட்டும் வகை பைக்குகளில் கண்கள் லென்ஸின் மேல்பகுதி வழியாகவே சாலையைப் பார்க்கும். லென்ஸ் குட்டையாக இருந்தால் பிரேமின் மேல் விளிம்பு சரியாகப் பார்வைக்குக் குறுக்கே வந்து நிற்கும்.

தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒரே லென்ஸில் பவர் வைத்த புரோகிரசிவ் அல்லது பைஃபோக்கல் அணிகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. லென்ஸின் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. சிக்னலில் நிறுத்திக் காலை ஊன்றும்போது குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தால் தரை மங்கலாகவும் இடம் மாறியும் தெரியும். சரளைக்கல்லிலோ பள்ளத்திலோ கால் வைத்துவிட வாய்ப்பிருக்கிறது. தலையையே தாழ்த்திப் பார்க்கப் பழகுங்கள்.

லென்ஸ் பொருளைப் பொறுத்தவரை பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ். இரண்டும் அடிபட்டாலும் எளிதில் சிதறாதவை. உண்மையான கண்ணாடியால் ஆன லென்ஸை ஹெல்மெட்டுக்குள் போடவே கூடாது.

படி 3: கண்ணாடிக்கு ஏற்ற ஹெல்மெட்

ஹெல்மெட் வாங்கப் போகும்போது தினமும் அணியும் கண்ணாடியோடு போங்கள். மாட்டிக்கொண்டு இருபது முப்பது நிமிடம் கடைக்குள்ளேயே சுற்றுங்கள். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. சில மாடல்களில் தண்டு போவதற்கென்றே பக்கவாட்டுப் பஞ்சில் ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள். அது இருந்தால் நல்லது. உள்ளே இறங்கும் கறுப்பு வைசர் உள்ள ஹெல்மெட் என்றால் அதை இறக்கிப் பாருங்கள். அதன் கீழ் விளிம்பு பிரேமில் இடித்தால் அந்த வசதி உங்களுக்குப் பயன்படாது.

தாடைப்பகுதியை மேலே தூக்கும் ஹெல்மெட் கண்ணாடிக்காரர்களுக்கு மிகவும் வசதி. தாடையைத் தூக்கினால் கண்ணாடியைத் தாராளமாக மாட்டலாம். ஓட்டும்போது மட்டும் தாடையைப் பூட்டிவிட வேண்டும்.

இரண்டு காரியங்கள் செய்யக் கூடாது. தண்டுக்கு இடம் வேண்டுமென்று ஒரு அளவு பெரிய ஹெல்மெட் வாங்காதீர்கள்; தளர்ந்த ஹெல்மெட் விபத்தில் தலையை விட்டுக் கழன்றுவிடலாம். அதேபோல உள்ளே இருக்கும் கெட்டியான தெர்மோகோல் போன்ற அடுக்கைச் சுரண்டிப் பள்ளம் பறிக்காதீர்கள். அடியைத் தாங்கி நசுங்கி மண்டையைக் காப்பது அந்த அடுக்குதான். கன்னத்துப் பஞ்சை மட்டும் மெல்லியதாக மாற்றிக்கொள்ளலாம். பல நிறுவனங்கள் வெவ்வேறு தடிமனில் அதைத் தனியாகவே விற்கின்றன.

படி 4: மாட்டும் வரிசை

முழுமுக ஹெல்மெட்டில் இந்த வரிசை மாறக் கூடாது.

காதடைப்பான் போடும் பழக்கமிருந்தால் அதுதான் முதலில். தலையுறை அணிகிறவர்கள் அடுத்து அதை அணியுங்கள். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வையுங்கள். வண்டி இருக்கையில் வைத்தால் அதன் மேலேயே உட்காரும் நாள் ஒன்று கட்டாயம் வரும். இப்போது ஹெல்மெட்டை மாட்டிப் பட்டையைப் பூட்டுங்கள். கையுறை இன்னும் வேண்டாம்.

வைசரை முழுவதும் மேலே தூக்குங்கள். கண்ணாடியின் இரு தண்டுகளையும் விரித்து, திருகாணி இருக்கும் மூலைகளுக்கு அருகில் இரு கைகளாலும் பிடியுங்கள். லென்ஸைத் தொடாதீர்கள், விரல்ரேகை பதிந்தால் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும். தண்டின் நுனிகள் புருவ உயரத்தில், தரைக்கு இணையாக, நெற்றிப்பொட்டின் தோலை ஒட்டியே உள்ளே நுழையட்டும். பஞ்சு சற்றுத் தடுக்கும். அப்போது பலமாகத் தள்ளாமல், மேலும் கீழுமாக நூலளவு ஆட்டிக்கொண்டே உள்ளே விடுங்கள். நுனி காதில் முட்டினால் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, சற்று மேலே தூக்கி மறுபடி விடுங்கள். காதுக்கு மேல் ஏறியதும் தண்டு தானாகவே வழுக்கி உட்காரும்; கைக்கு நன்றாகத் தெரியும்.

பிறகு தலையை இட வலமாக ஆட்டுங்கள். கீழே குனியுங்கள். இரு தோள்களுக்கு மேலாகவும் பின்னால் திரும்பிப் பாருங்கள். கண்ணாடி நகரக் கூடாது. கடைசியாகக் கையுறை.

கழற்றும்போது அப்படியே தலைகீழ்: கையுறை, கண்ணாடி, அதன் பிறகே ஹெல்மெட். அவசரத்தில் கண்ணாடியோடு ஹெல்மெட்டைப் பிடுங்கினால் தண்டு கோணிக்கொள்ளும், மூக்குத் தாங்கி மூக்கைக் கீறிவிடும்.

படி 5: பனிபோல் படியும் மூச்சு

மூச்சுக்காற்று சூடானது, ஈரம் நிறைந்தது. குளிர்ந்த லென்ஸில் பட்டதும் நீர்த்துளிகளாகப் படிகிறது. குளிர்காலத்திலும் மழையிலும் இது மோசமாகும். வண்டி நின்றதும் காற்றோட்டமும் நின்றுவிடுவதால் சிக்னலில்தான் சட்டென்று மூடிக்கொள்ளும்.

வைசருக்குள் பொருத்தும் பின்லாக் தகட்டை வாங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று பலர் நம்புகிறார்கள். அது வைசரைத்தான் காக்கும். இரண்டு அடுக்குக்கு நடுவில் காற்றைச் சிறைவைத்து, உள்பக்கம் குளிராமல் பார்த்துக்கொள்கிறது. மூக்குக்கண்ணாடிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கண்ணாடிக்கு வேண்டியது மூச்சு மேலே ஏறாமல் தடுப்பது. ஹெல்மெட்டோடு வரும் மூக்கு மறைப்பைக் கழற்றி எறிந்திருந்தால் தேடி எடுத்து மாட்டுங்கள். காற்றுத் துவாரங்களைத் திறந்து வையுங்கள். நிற்கப் போகும்போது, நின்ற பிறகு அல்ல, வைசரை ஒரு படி திறந்துவிடுங்கள். மேலுதட்டைச் சற்று முன்னால் நீட்டி வாயால் மூச்சைக் கீழ்நோக்கி விடலாம். பார்க்க வேடிக்கையாக இருக்கும், வேலை செய்யும். மூக்கை மூடிக் கட்டிய துணி மூச்சை நேராக லென்ஸுக்கே அனுப்பிவைக்கும். தூசிக்காகக் கட்டியே தீரவேண்டும் என்றால் மூக்கின் மேல்விளிம்பில் இடைவெளி இல்லாமல் கட்டுங்கள்.

மூடுபனி தடுக்கும் திரவங்கள் கடைகளில் கிடைக்கின்றன. உங்கள் லென்ஸின் பூச்சுக்கு ஒத்துவருமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மழையில் வேறொரு கணக்கு. வைசரின் வெளிப்பக்கம், உள்பக்கம், லென்ஸின் முன்பக்கம், பின்பக்கம் என்று நான்கு பரப்புகள் நனையவும் மூடவும் காத்திருக்கின்றன. வெளிப்பக்கத்தைக் கையுறையால் துடைக்கலாம். மற்ற மூன்றுக்கும் ஓரமாக நிறுத்துவதே வழி. மறைந்த லென்ஸோடு இரண்டு வினாடி ஓட்டினாலும் 60 கிலோமீட்டர் வேகத்தில் 33 மீட்டர் குருட்டுத்தனமாகப் போயிருப்பீர்கள்.

துடைக்கும்போது உலர்ந்த தூசியைத் தேய்க்க வேண்டாம். தண்ணீர் விட்டுக் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். வைசருக்கும் அதே முறைதான். மென்மையான சோப்பு போதும், பெட்ரோலும் அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் பாலிகார்பனேட்டைக் கெடுக்கும்.

படி 6: வெயிலும் இரவும்

வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸை நம்பிப் பணம் செலவழிக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அது புற ஊதாக் கதிர் பட்டால்தான் கறுக்கும். வைசர் அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால், வைசருக்குப் பின்னால் லென்ஸ் லேசாகத்தான் நிறம் மாறும். போலராய்டு லென்ஸ் கூசுதலைக் குறைக்கும். கூடவே ஈரச் சாலையின் மினுமினுப்பையும் எண்ணெய்க் கறையின் பளபளப்பையும் மறைத்துவிடும். இரண்டு சக்கரத்தில் போகிறவருக்கு அவைதான் எச்சரிக்கை. சில வண்டிகளின் டிஜிட்டல் மீட்டரும் அதன் வழியாகக் கறுப்பாகத் தெரியும். என் ஓட்டு சாதாரணக் குளிர்க்கண்ணாடிக்கே. அதிலும் எவ்வளவு கறுப்பு என்பதைக் காட்டும் வகை எண் 4 என்று இருந்தால் வேண்டாம்: 8 சதவீதத்துக்கும் குறைவான ஒளியையே அது உள்ளே விடும், வண்டி ஓட்ட உகந்ததல்ல.

இரவில் நிறமற்ற லென்ஸ், எதிரொளி தடுக்கும் பூச்சோடு. இரவுப் பயணத்துக்கென்று விற்கப்படும் மஞ்சள் கண்ணாடி, ஏற்கெனவே குறைவாக இருக்கும் ஒளியை மேலும் குறைக்கிறது. வாங்காதீர்கள்.

படி 7: கான்டாக்ட் லென்ஸ் அணிகிறவர்களுக்கு

தண்டும் இல்லை, மூடுபனியும் இல்லை, பக்கவாட்டுப் பார்வையும் முழுதாகக் கிடைக்கிறது. இதன் எதிரி காற்றும் தூசியும்தான். மென்மையான லென்ஸ் தன்னுள் நீரை வைத்திருப்பது. காற்று பட்டால் உலர்ந்து, கண்ணில் ஒட்டினாற்போல் ஆகி, பார்வை மங்கும். ஆகவே வைசர் மூடியே இருக்க வேண்டும். முகம் திறந்த ஹெல்மெட் என்றால் கண்ணைச் சுற்றிலும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். கடினமான லென்ஸ் அணிகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: அதன் அடியில் ஒரு துகள் புகுந்தால் கண்ணைத் திறக்கவே முடியாத வலி எடுக்கும்.

பயணத்துக்கு, ஒரு நாள் அணிந்து எறியும் வகை எனக்குச் சிறந்ததாகப் படுகிறது. தூசி பட்டால் எறிந்துவிட்டுப் புதியதைப் போடலாம். அணியும் முன் கையை சோப்பு போட்டுக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். சாலையோரத்தில் பெட்ரோல் மணக்கும் விரலோடு லென்ஸைத் தொடாதீர்கள். லென்ஸைக் குழாய் நீரிலோ எச்சிலிலோ நனைப்பது கூடவே கூடாது. நீரில் இருக்கும் அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி கருவிழியைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கக்கூடியது.

லென்ஸோடு பயன்படுத்தத் தக்க ஈரப்படுத்தும் சொட்டு மருந்து, ஒரு ஜோடி மாற்று லென்ஸ், கெட்டியான பெட்டியில் ஒரு மூக்குக்கண்ணாடி. இவை மூன்றும் எப்போதும் கூடவே வரட்டும். ஓடும்போது ஒரு கண் லென்ஸ் நகர்ந்துவிட்டால் கண்ணைத் தேய்க்காமல், வேகத்தை மெல்லக் குறைத்து ஓரம் கட்டுங்கள். மற்றொரு கண் தெளிவாகத்தானே இருக்கிறது என்று தொடர்ந்து போகாதீர்கள். இடைவெளியைக் கணிப்பதில் கோளாறு வரும்.

பயணம் முடிந்து லென்ஸைக் கழற்றிய பிறகும் கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினால் மறுநாள் வரை பொறுக்க வேண்டாம். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். கழற்றிய லென்ஸை எறிந்துவிடாமல் அதன் டப்பாவோடு எடுத்துச் செல்லுங்கள். கிருமித் தொற்று இருக்கிறதா என்று சோதிக்க அது உதவும்.