பிரண்டைக் கட்டில் இரண்டு துண்டை எடுத்து வையுங்கள்

துவையலுக்குப் பிரண்டை வாங்கினால் முழுக்கட்டையும் நறுக்கிவிடாதீர்கள். அடிப்பக்கம் முற்றி நார் ஏறிய துண்டு எப்படியும் துவையலுக்கு ஆகாது. அதில் இரண்டை, ஒவ்வொன்றிலும் இரண்டு கணுவாவது இருக்கும்படி வெட்டி, நிழலில் இரண்டு மூன்று நாள் போட்டு வையுங்கள். வெட்டுவாய் காய்ந்ததும், ஒரு கணு மண்ணுக்குள்ளும் ஒரு கணு வெளியிலும் இருக்குமாறு தொட்டியில் ஊன்றினால் போதும். முதன்முதலாகச் செடி வளர்ப்பவருக்கு இதைவிடச் சாதுவான நாட்டுச் செடி எனக்குத் தெரிந்து இல்லை.

சதைப்பற்றான அந்த நாலு பட்டைத் தண்டே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். வேர் கிளம்புவது கணுவிலிருந்து. பச்சை வெட்டோடு ஊன்றினால் ஈரம் ஏறி அழுகும், அதற்காகத்தான் காயவைப்பது. மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். ஊருக்குப் போய்விட்டு ஒரு வாரம் கழித்து வந்தாலும் அப்படியே நிற்கும். பாசமாகத் தினமும் ஊற்றுபவர் கையில்தான் இது சாகும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஊன்ற வேண்டாம், தை பிறக்கட்டும். கொழுந்து நுனி இதற்கு உதவாது. தண்ணீர் தேங்கும் களிமண் என்றால் பாதிக்குப் பாதி மணல் கலக்க வேண்டும். வெயிலே எட்டிப் பார்க்காத பால்கனி என்றால் சரிவராது, தண்டு நூலாக நீளும். தரையில் வைத்தால் பக்கத்து மரத்தில் ஏறிவிடும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். அப்புறம், வெட்டும்போது கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். சாறு பட்டால் அரிக்கும்.